பார்க்51: நியூயார்க்கில் எழும்பாமல் போன முஸ்லிம் சமுதாய மையம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2010ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவில் ஒரு கட்டடத்தை வைத்துப் பெரிய அரசியல் சண்டை நடந்தது. 'கிரவுண்ட் ஜீரோ மசூதி' என்ற பெயரில் அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த இடத்தைத்தான் கிரவுண்ட் ஜீரோ என்பார்கள். அந்த மசூதி கட்டப்பட்டு இன்றும் அங்கே நிற்கிறது என்று நம்புகிறவர்களை நான் சந்தித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படி ஒரு கட்டடம் அங்கே இல்லை. என்ன நடந்தது என்பதைக் கேள்வி பதிலாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஓர் உரிமையைச் சட்டத்தால் பறிக்க முடியாதபோது, அதை வேறு வழிகளில் எப்படிச் செல்லாக்காசாக்குகிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

அங்கே கட்ட நினைத்தது மசூதியா, சமுதாய மையமா?

சமுதாய மையம். அதற்குள் தொழுகைக்கு என்று ஒரு பகுதி. 13 மாடிகள், சுமார் 10 கோடி டாலர் செலவு என்பது திட்டம். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், கூடைப்பந்து ஆடுகளம், 500 பேர் உட்காரும் அரங்கம், சமையல் பள்ளி, குழந்தைகள் காப்பகம், புத்தகக் கடை, செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவிடம் என்று பட்டியல் நீளும். எந்த மதத்தவரும் வந்து போகலாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னார்கள்.

இதற்கு அவர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது யூதர்களின் மையத்தை. மன்ஹாட்டனின் மேல் மேற்குப் பகுதியில் யூத சமுதாய மையம் ஒன்று இருக்கிறது. யூதர் அல்லாதவர்களும் அங்கே உறுப்பினராகலாம், நீந்தலாம், பிள்ளைகளை வகுப்பில் சேர்க்கலாம். பார்க்51 திட்டத்தின் உரிமையாளரே அங்கே உறுப்பினராக இருந்தவர்தான். முஸ்லிம்களுக்கும் இப்படி ஒன்று ஏன் இருக்கக்கூடாது என்ற எண்ணம் அங்கிருந்துதான் முளைத்தது. அந்த மையத்தின் நிர்வாகியாக இருந்த யூத மதகுருகூட அவர்களுக்கு யோசனை சொன்னார்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொழுகை இடம் சின்ன மூலை அல்ல. ஆயிரம் பேருக்கு மேல் தொழக்கூடிய அளவுக்குத் திட்டமிட்டிருந்தார்கள். ஆதரவாளர்கள் சிலர் "இது மசூதியே இல்லை" என்று விழுந்து விழுந்து சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. முழுக்க முழுக்க மசூதியாகவே இருந்திருந்தாலும் கட்டும் உரிமை அவர்களுக்கு அதே அளவு இருந்தது.

சரியாக எந்த இடம்? உலக வர்த்தக மையத்திலிருந்து எவ்வளவு தூரம்?

கீழ் மன்ஹாட்டனில் பார்க் பிளேஸ் என்ற தெருவில், 45 முதல் 51 வரையிலான எண்கள். இரட்டைக் கோபுரங்கள் இருந்த வளாகத்துக்கு வடக்கே இரண்டு தெரு தள்ளி. நடுவில் உயரமான கட்டடங்கள் நிற்பதால் அங்கிருந்து பார்த்தால் அந்த வளாகம் கண்ணில் படாது. 'கிரவுண்ட் ஜீரோ மசூதி' என்ற சொல்லைக் கேட்டவர்கள் கோபுரம் விழுந்த குழியிலேயே மினார் எழுப்பப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் செய்த வேலை அது.

45–47 எண்ணில் இருந்தது 1850களில் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம். கடைசியாக அங்கே பர்லிங்டன் கோட் ஃபேக்டரி என்ற துணிக்கடை நடந்தது. 2001 செப்டம்பர் 11 காலையில் மோதிய விமானத்தின் சக்கரப் பகுதி ஒன்று அதன் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. கடை மூடப்பட்டது, எட்டு வருடம் யாரும் தீண்டாமல் கிடந்தது. 2009 ஜூலையில் 48.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 49–51 எண்ணில் இருந்தது கான் எடிசன் மின் நிறுவனத்தின் பழைய துணைநிலையம், அது குத்தகை.

2013 ஏப்ரலில், சண்டையெல்லாம் அடங்கிய பிறகு, 51 பார்க் பிளேஸுக்கும் அதன் பின்னால் இருக்கும் கட்டடத்துக்கும் நடுவில், ஓர் ஆள் உடம்பைத் திருப்பித்தான் நுழைய முடியும் என்கிற அளவு ஒடுக்கமான சந்தில், துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று செருகிக் கிடந்ததை நில அளவையாளர்கள் பார்த்தார்கள். அது போயிங் விமானத்தின் இறக்கையில் இருந்த பாகம். பன்னிரண்டு வருடமாக யார் கண்ணிலும் படாமல் அங்கேயே இருந்திருக்கிறது. அந்த இடத்துக்கும் அந்த நாளுக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். தொடர்பு இருந்தது. அந்தத் தொடர்பு முஸ்லிம்களுக்கும் சேர்த்தே இருந்தது என்பதைத்தான் பலர் மறந்தார்கள்.

யார் இதை முன்னெடுத்தார்கள்?

மூன்று பேர் முக்கியம். ஷரீஃப் எல்கமால், ப்ரூக்ளினில் பிறந்த மனை வணிகர். இடத்தை வாங்கியது அவர் நிறுவனம். இமாம் ஃபைசல் அப்துல் ரவூஃப், குவைத்தில் பிறந்து பதின்ம வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். டிரைபெக்கா பகுதியில் இருக்கும் மஸ்ஜித் அல்ஃபராவில் 1983 முதல் 2009 வரை இமாமாக இருந்தவர். அவர் மனைவி டெய்ஸி கான்.

அந்த டிரைபெக்கா பள்ளிவாசல் கோபுரங்கள் இருந்த இடத்திலிருந்து பன்னிரண்டு தெரு தூரம்தான். 1970இல் தொடங்கிய மஸ்ஜித் மன்ஹாட்டன் இன்னும் பக்கம், நான்கே தெரு. ஆக, அந்த வட்டாரத்துக்கு முஸ்லிம்கள் புதிதாக வந்தவர்கள் அல்ல. இரட்டைக் கோபுரங்கள் திறப்பதற்கு முன்பே அங்கே தொழுதுகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு வரும் அலுவலகக்காரர்கள், கடைக்காரர்கள், டாக்சி ஓட்டுநர்களுக்கு இடம் போதவில்லை என்பதுதான் புது இடம் தேடியதற்கு நேரடிக் காரணம்.

இமாம் ரவூஃப் தீவிரவாதிகளுக்கு அனுதாபம் காட்டியவர் என்றார்களே?

அவர் சொன்ன இரண்டு விஷயங்களை எடுத்துக் காட்டினார்கள். தாக்குதல் நடந்த சில வாரங்களில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், அமெரிக்காவின் கொள்கைகளுக்கும் இந்தக் குற்றத்தில் பங்குண்டு என்ற பொருளில் பேசினார். 2010 ஜூனில் ஒரு வானொலிப் பேட்டியில் ஹமாஸைப் பயங்கரவாத இயக்கம் என்று சொல்வாரா என்று கேட்டபோது நேராகப் பதில் சொல்லவில்லை. இரண்டுமே விமர்சனத்துக்கு உரியவைதான். அவரிடம் கேள்வி கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே மனிதரைத்தான் அமெரிக்க வெளியுறவுத் துறை, புஷ் காலத்திலும் ஒபாமா காலத்திலும், அமெரிக்க முஸ்லிம்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்லி அரபு நாடுகளுக்கு அனுப்பியது. சண்டை உச்சத்தில் இருந்த ஆகஸ்டில் அவர் அந்த மாதிரி ஒரு பயணமாகத்தான் பஹ்ரைன், கத்தார், அமீரகம் என்று போயிருந்தார். ஊரில் தீ எரியும்போது பேச வேண்டியவர் ஊரில் இல்லை. அது அவர்கள் தரப்பின் பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

அனுமதி கிடைத்ததா?

கிடைத்தது. அந்த நிலம் தனியார் சொத்து. அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட கட்டடம் கட்டுவதற்குத் தடை எதுவும் இல்லை. ஆகவே தனி அனுமதி என்று ஒன்று அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. மரியாதைக்காக வட்டார மன்றத்திடம் போனார்கள். 2010 மே 25 அன்று, மணிக்கணக்காகக் கூச்சலும் கண்ணீருமாக நடந்த கூட்டத்துக்குப் பிறகு, 29 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். எதிர்ப்பு ஒரே ஒரு வாக்கு. 10 பேர் யார் பக்கமும் சேரவில்லை.

அப்புறம் எதிர்ப்பாளர்கள் வேறு வழி பார்த்தார்கள். பழைய கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டால் இடிக்க முடியாது அல்லவா? நகரின் பாரம்பரியச் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையம் ஆகஸ்ட் 3 அன்று 9–0 என்ற கணக்கில் அதை மறுத்தது. அந்த முடிவை எதிர்த்து ஒரு முன்னாள் தீயணைப்பு வீரர் போட்ட வழக்கும் 2011இல் தள்ளுபடியானது. சட்டம் ஒரு படியில்கூட அவர்களைத் தடுக்கவில்லை.

பிறகு எங்கிருந்து வந்தது இந்தச் சண்டை?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமானது. 2009 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதியது. யாரும் கொதிக்கவில்லை. அதே மாதம் ஃபாக்ஸ் நியூஸில் டெய்ஸி கானைப் பேட்டி எடுத்த வலதுசாரித் தொகுப்பாளர் லாரா இங்ரஹாம், உங்கள் முயற்சி எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லித்தான் முடித்தார். ஐந்து மாதம் அமைதியாகப் போனது.

மே மாதம் வட்டார மன்றத்தின் விவாதம் செய்தியானதும் பமேலா கெல்லர், ராபர்ட் ஸ்பென்சர் இருவரும் நடத்திய இஸ்லாம் எதிர்ப்பு இயக்கம் இதைக் கையில் எடுத்தது. நாளிதழ்கள் பின்னால் வந்தன. ஜூலையில் குடியரசுக் கட்சியின் சாரா பேலின் ட்விட்டரில் எழுதினார். அதே கட்சியின் நியூட் கிங்ரிச் அறிக்கை விட்டார். நியூயார்க் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட ரிக் லாசியோ இதையே பிரச்சாரமாக்கினார். அவருக்குப் போட்டியாக இருந்த கார்ல் பலடினோ, ஆளுநரானால் அந்த நிலத்தை அரசு அதிகாரத்தால் கையகப்படுத்துவேன் என்றார். நவம்பர் 2 அன்று, அதிபரின் பதவிக்கால நடுவில் நடக்கும் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது, போனது. அதன் பிறகு இந்த விஷயம் தொலைக்காட்சிகளிலிருந்து மெல்லக் காணாமல் போனது. கட்டடமும் நிலமும் அப்படியேதான் இருந்தன. திட்டத்தையும் யாரும் கைவிட்டிருக்கவில்லை. டிசம்பரில் பிடித்திருந்தது ஆகஸ்டில் ஏன் பிடிக்காமல் போயிற்று என்று கேட்டால், தேர்தல் என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தெரியவில்லை.

எதிர்த்தவர்கள் எல்லாரும் ஒரே கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் ஹாரி ரீட், வேறெங்காவது கட்டட்டும் என்றார்; அவருக்கு நெவாடாவில் கடும் போட்டி. அதே கட்சியின் முன்னாள் தலைவர் ஹோவர்ட் டீனும் எதிர்த்தார். குடியரசுக் கட்சியின் ரான் பால் ஆதரித்தார். சி.என்.என். நடத்திய கருத்துக் கணிப்பில் அமெரிக்கர்களில் 68 சதவீதம் பேர் எதிர்ப்பு. ஜூலையில் குவினிபியாக் பல்கலைக்கழகம் எடுத்த கணிப்பில் நியூயார்க் நகரம் முழுமைக்கும் பார்த்தால் எதிர்ப்பு அதிகம். ஆனால் மன்ஹாட்டனில் மட்டும் பார்த்தால் ஆதரவு 46, எதிர்ப்பு 36. புகையைச் சுவாசித்த தீவில்தான் சம்மதம் கூடுதலாக இருந்தது.

'கோர்டோபா' என்று பெயர் வைத்தது வெற்றிக் கொண்டாட்டம் என்கிறார்களே?

முதலில் வைத்த பெயர் கோர்டோபா இல்லம். ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், யூதர்கள் சேர்ந்து வாழ்ந்த அறிவு நகரம் கோர்டோபா என்ற நினைவில் வைத்தார்கள். அது முஸ்லிம்கள் படையெடுத்துப் பிடித்த ஊர், தேவாலயம் இருந்த இடத்தில் மசூதி எழுந்த ஊர் என்று கிங்ரிச் திருப்பிச் சொன்னார். அந்த மசூதி 1236க்குப் பிறகு தேவாலயமானது, இன்றும் அப்படியே இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. ஜூலையில் பெயரை மாற்றி, முகவரியையே பெயராக்கி 'பார்க்51' என்று வைத்தார்கள். பெயரை மாற்றியதால் ஒருவரும் சமாதானமாகவில்லை.

இறந்தவர்களின் குடும்பங்கள் எதிர்த்தன அல்லவா? அவர்களுடைய வலியை எப்படி ஒதுக்க முடியும்?

ஒதுக்கக் கூடாது. பல குடும்பங்கள் எதிர்த்தன. பலருக்கு உடலின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை; அந்த வட்டாரம் முழுவதும் அவர்களுக்குச் சுடுகாடு. வட்டார மன்றக் கூட்டத்தில் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடம் சட்டப் பிரிவுகளை வாசித்துக் காட்டுவதில் அர்த்தம் இல்லை.

ஆனால் குடும்பங்கள் என்று ஒரே குரல் இருக்கவில்லை. 'அமைதியான நாளைகளுக்கான செப்டம்பர் 11 குடும்பங்கள்' என்ற அமைப்பு இந்த மையத்தை ஆதரித்தது. அதோடு, இறந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். தெற்குக் கோபுரத்தின் 17ஆவது மாடியில் ஒரு தொழுகை அறை இருந்தது. வடக்குக் கோபுரத்தின் உச்சியில் இருந்த உணவகத்தின் முஸ்லிம் ஊழியர்கள் 106, 107ஆம் மாடிகளுக்கு நடுவே படிக்கட்டுத் திருப்பத்தில் தொழுவார்கள். மேசை விரிப்பைத் தரையில் போட்டு, உணவுப் பொருள்கள் வந்த அட்டைப் பெட்டிகளைத் தட்டையாக்கி அதையே தொழுகை விரிப்பாக்கிக்கொள்வார்கள். அந்த அட்டைகளும் அந்தக் கோபுரத்தோடுதான் விழுந்தன.

சல்மான் ஹம்தானியை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 23, குவீன்ஸில் வளர்ந்தவர், நியூயார்க் காவல்துறையின் பயிற்சிக் காவலர், மருத்துவ உதவிப் பயிற்சி பெற்றவர். அன்று காலை வேலைக்குப் போகும் வழியில் புகையைப் பார்த்துவிட்டு உதவிக்கு ஓடினார், திரும்பவில்லை. பெயரைப் பார்த்து அவரையே சந்தேகப்பட்டார்கள், தேடப்படுகிறவர் போல எழுதினார்கள். 2002 மார்ச்சில் வடக்குக் கோபுர இடிபாடுகளில் கிடைத்த எச்சம் அவருடையதுதான் என்று உறுதியானது. காவல்துறை மரியாதையோடு அடக்கம் நடந்தது. அவர் தாய் பார்க்51 வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். குடும்பங்களின் வலி என்று சொல்லும்போது இந்தத் தாயின் வலியை எந்தக் கணக்கில் வைப்பது?

"உரிமை இருக்கிறது, ஆனால் அங்கே கட்ட வேண்டாமே" என்பது நியாயமான வேண்டுகோள்தானே?

மிகப் பலர் நின்றது இந்த இடத்தில்தான், அவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள். ஆளுநர் டேவிட் பேட்டர்சன் மாற்று இடம் தரவும் உதவ முன்வந்தார். கேட்பதற்கு நயமாக இருக்கிறது. என் பதில், அது நியாயமான வேண்டுகோள் அல்ல என்பதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். அங்கே கட்டினால் மனம் புண்படும் என்று சொல்வதற்கு ஒரு நிபந்தனை வேண்டும்: தாக்கியவர்களுக்கும் கட்டுகிறவர்களுக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும். 19 பேர் செய்த கொலைக்கும், இருபத்தைந்து வருடமாகப் பக்கத்துத் தெருவில் ஓதிக்கொண்டிருந்த இமாமுக்கும் என்ன உறவு? மதத்தின் பெயர் ஒன்று என்பதைத் தவிர எதுவும் இல்லை. அதை ஒப்புக்கொண்டு இடத்தை மாற்றுவது, ஆமாம், எங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று கையெழுத்துப் போடுவது மாதிரி.

சரி, எவ்வளவு தூரம் தள்ளிப் போனால் போதும்? யாரும் சொல்லவில்லை. டொனால்ட் டிரம்ப் மட்டும் எண் சொன்னார்: பங்குதாரர் ஒருவரின் பங்கை அவர் கொடுத்ததைவிட 25 சதவீதம் கூடுதலாகத் தந்து வாங்கிக்கொள்வதாகவும், மசூதி குறைந்தது ஐந்து தெருவாவது தள்ளிப் போக வேண்டும் என்றும் செப்டம்பரில் கடிதம் எழுதினார். பங்குதாரர் மறுத்தார். அதே கோடையில் ஸ்டேடன் தீவில், கடலைத் தாண்டி, கைவிடப்பட்ட கன்னியர் மடம் ஒன்றை முஸ்லிம்கள் வாங்கப் பார்த்தபோதும் இதே கூச்சல். மடத்தை விற்க இருந்த தேவாலயத்தார் பின்வாங்கினார்கள். டென்னசி மாநிலத்தில், நியூயார்க்கிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளியும் இதே எதிர்ப்பு வந்தது. தூரம் பிரச்சினையாக இருந்திருந்தால் அங்கே ஏன் எதிர்க்க வேண்டும்?

அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனும் அதே நாளில் தாக்கப்பட்டது. விமானம் மோதிய அதே இடத்தில் 2002 நவம்பரில் ஒரு நினைவு வழிபாட்டுக் கூடம் திறந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் முஸ்லிம்கள் அந்தக் கூடத்திலேயே தொழுகிறார்கள். அதை யாரும் அவமதிப்பு என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி.

சவுதியில் தேவாலயம் கட்ட விடுகிறார்களா?

விடுவதில்லை, அது அநியாயம்தான். அந்த அநியாயத்துக்கு ப்ரூக்ளினில் பிறந்தவர் பொறுப்பல்ல. சவுதி அரசு செய்வதை அளவுகோலாக வைத்து அமெரிக்கா தன் குடிமக்களை நடத்த வேண்டும் என்று கிங்ரிச் கேட்டபோது, தன் நாட்டை எவ்வளவு கீழே இறக்குகிறார் என்று அவருக்குத் தெரியவில்லை.

தாக்குதலில் நொறுங்கிய கிரேக்கத் தேவாலயத்தைக் கட்ட விடாமல் மசூதிக்கு மட்டும் அனுமதியா?

தெற்குக் கோபுரம் விழுந்தபோது அதன் கீழே நசுங்கிய புனித நிக்கோலஸ் தேவாலயம் பற்றிய கேள்வி இது. அந்த நிலத்தை மாற்றிக்கொள்வதில் தேவாலயத்துக்கும், உலக வர்த்தக மைய நிலத்தை வைத்திருக்கும் துறைமுக ஆணையத்துக்கும் வருடக்கணக்கில் பேச்சு இழுத்தது. பார்க்51க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஒன்று பொது நிலம், மற்றொன்று தனியார் நிலம். தேவாலயம் இப்போது திறந்துவிட்டது.

மேயர் புளூம்பெர்க்கும் அதிபர் ஒபாமாவும் என்ன செய்தார்கள்?

புளூம்பெர்க் யூதர், அப்போது கட்சி சாராத மேயர். ஆகஸ்ட் 3 அன்று சுதந்திர தேவி சிலை பின்னால் தெரியும்படி கவர்னர்ஸ் தீவில் நின்று பேசினார். பேச்சின் நடுவே தொண்டை அடைத்தது. தீயணைப்பு வீரர்கள் அன்று உள்ளே ஓடும்போது உள்ளே இருப்பவர்கள் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்கவில்லை என்ற பொருளில் அவர் சொன்னது பலரை உலுக்கியது.

அவர் சொன்ன இரண்டு பழைய கதைகளை நான் அடிக்கடி நினைப்பேன். ஒன்று, பார்க்லே தெருவில் இருக்கும் புனித பேதுரு தேவாலயம். நியூயார்க்கின் முதல் கத்தோலிக்கப் பங்குத் தேவாலயம் அது. 1780களில்தான் அமைந்தது, ஏனென்றால் அதற்கு முன் அங்கே கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கே தடை. 1806 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அதன் வாசலில் ஒரு கும்பல் கலவரம் செய்தது. கோபுரங்கள் இருந்த வளாகத்துக்கும் பார்க் பிளேஸுக்கும் நடுவில் இன்றும் நிற்கிறது. தாக்குதல் நாளில் இறந்த தீயணைப்புத் துறைப் பாதிரியார் மைக்கேல் ஜட்ஜின் உடலை அந்தத் தேவாலயத்தின் பீடத்துக்கு முன்தான் கிடத்தினார்கள்.

இன்னொன்று 1657இல் ஃபிளஷிங் ஊர்க்காரர்கள் எழுதிய விண்ணப்பம். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை டச்சு ஆளுநர் துன்புறுத்தியபோது, குவேக்கர் அல்லாத ஊரார் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். யூதர், துருக்கர் எல்லாரும் ஆதாமின் மக்கள்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. துருக்கர் என்று அவர்கள் சொன்னது முஸ்லிம்களை. பிறகு தன் வீட்டில் குவேக்கர்களைக் கூட விட்டதற்காக 1662இல் கைதாகி நாடு கடத்தப்பட்ட ஜான் பவுன், மேல்முறையீட்டில் வென்று திரும்பினார். அவர் பெயரில் இருப்பதுதான் பவுன் தெரு. நியூயார்க் போன தமிழர்களுக்கு அந்தத் தெரு நன்றாகத் தெரியும்: ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் அங்கேதான். 1977இல் குடமுழுக்கு நடந்த கோயில். அதன் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு அதே தெருவில் நடந்தால் பவுன் வாழ்ந்த வீடு வரும். நம் கோயிலுக்கும் பார்க்51க்கும் உரிமை ஒரே வேரிலிருந்து வந்தது.

ஒபாமா ஆகஸ்ட் 13 அன்று வெள்ளை மாளிகையின் இப்தார் விருந்தில், தனியார் நிலத்தில் வழிபாட்டு இடம் கட்டும் உரிமை முஸ்லிம்களுக்கும் உண்டு என்றார். மறுநாளே, அங்கே கட்டுவது சரியா தவறா என்று நான் சொல்லவில்லை என்று விளக்கம் தந்தார். முதல் நாள் தைரியமாக இருந்தது. இரண்டாவது நாள் எனக்கு ஏமாற்றம்.

இவ்வளவு அனுமதி இருந்தும் ஏன் கட்டவில்லை?

நேர்மையாகச் சொன்னால், எதிர்ப்பு மட்டும் காரணம் இல்லை. 10 கோடி டாலர் எங்கிருந்து வரும் என்பதற்கு அவர்களிடம் தெளிவான பதில் ஆரம்பத்திலிருந்தே இல்லை. பாதி நிலம் குத்தகையில் இருந்தது. கட்டட உரிமையாளரும் இமாமும் 2011 ஜனவரியில் பிரிந்தார்கள். அந்தச் செப்டம்பரில் பழைய கட்டடத்திலேயே சின்ன அளவில் திறந்தார்கள். நியூயார்க்கில் வாழும் பல நாட்டுக் குழந்தைகளின் படக் கண்காட்சியோடு. அதற்குப் பிறகு திட்டம் சுருங்கிக்கொண்டே போனது. 2014இல் மூன்று மாடி அருங்காட்சியகம் என்றார்கள். கடைசியில் பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, 45 பார்க் பிளேஸில் 43 மாடி ஆடம்பரக் குடியிருப்புக் கோபுரம் எழுந்தது.

ஆனால் பணம் கிடைக்காததையும் எதிர்ப்பையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. ஒரு சமுதாய மையத்துக்கு நன்கொடை தருகிறவர் மறுநாள் தன் பெயர் தொலைக்காட்சியில் பயங்கரவாதத்தோடு சேர்த்துப் பேசப்படும் என்றால் பணப்பையைத் திறப்பாரா? வெளிநாட்டுப் பணமா என்று விசாரிக்கச் சொல்லி அரசியல்வாதிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்படித்தான் ஓர் உரிமை தாளில் பத்திரமாக இருக்க, மண்ணில் இல்லாமல் போகிறது.

அந்தக் கோடையில் வேறு என்ன நடந்தது?

ஆகஸ்ட் 24 அன்று மன்ஹாட்டனில் ஒரு பயணி, வங்கதேசத்திலிருந்து வந்த டாக்சி ஓட்டுநரிடம் நீ முஸ்லிமா என்று கேட்டுவிட்டுக் கத்தியால் கழுத்திலும் முகத்திலும் வெட்டினார்; ஓட்டுநர் பிழைத்தார். புளோரிடாவில் ஒரு சிறு தேவாலயத்தின் போதகர் டெரி ஜோன்ஸ், செப்டம்பர் 11 அன்று குர்ஆனை எரிப்பேன் என்று அறிவித்து, உலகமே பதறிய பிறகு அன்று கைவிட்டார்.

டென்னசியின் மர்ஃபிரீஸ்பரோவில், முறையாக அனுமதி வாங்கிய இஸ்லாமிய மையத்தின் கட்டுமான இயந்திரங்களுக்கு ஆகஸ்ட் 28 அன்று தீ வைத்தார்கள். அங்கே எதிர்ப்பாளர்களின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் நின்று, இஸ்லாம் ஒரு மதமே அல்ல, ஆகவே மதச் சுதந்திரம் அதற்குப் பொருந்தாது என்று வாதாடினார். மதம்தான் என்று சொல்ல அமெரிக்க நீதித்துறை தனியாக மனுத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. உள்ளூர் நீதிமன்றம் ஒரு கட்டத்தில் அனுமதியையே ரத்து செய்தது. வழிபாட்டு இடங்களின் நில உரிமையைப் பாதுகாக்க 2000இல் இயற்றிய கூட்டாட்சிச் சட்டம் கைகொடுத்தது. 2012 ஜூலையில் கூட்டாட்சி நீதிபதி குறுக்கிட்டார். ஆகஸ்ட் 10, ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை, அவர்கள் உள்ளே போய்த் தொழுதார்கள். அரசியல் வெளிச்சம் நியூயார்க் அளவுக்கு அங்கே விழவில்லை. பணமும் ஊர்க்காரர்கள் சேர்த்தது. அது கட்டி முடிந்தது.

எதிர்த்தவர்கள் யாராவது பிறகு மனம் மாறினார்களா?

ஒரு முக்கியமான அமைப்பு மாறியது. யூதர்களுக்கு எதிரான வெறுப்பை எதிர்க்க நூறு வருடமாகப் பாடுபடும் அவதூறு எதிர்ப்புக் கழகம், 2010 ஜூலையில் இந்த மையம் வேறிடத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னது. உரிமை உண்டு, ஆனால் புண்படுத்தும் என்ற அதே வாதம். பலர் அதிர்ந்தார்கள். மும்பையில் பிறந்த பத்திரிகையாளர் ஃபரீத் ஜக்காரியா, அந்தக் கழகம் தனக்குத் தந்திருந்த கருத்துச் சுதந்திர விருதையும் அதோடு வந்த 10,000 டாலரையும் திருப்பி அனுப்பினார்.

2021 செப்டம்பரில், தாக்குதலின் இருபதாவது ஆண்டையொட்டி, அந்தக் கழகத்தின் அப்போதைய தலைவர் ஜோனதன் கிரீன்பிளாட் வெளிப்படையாக எழுதினார்: அன்று நாங்கள் செய்தது தவறு, முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று. சாக்குப்போக்கு சொல்லவில்லை. அவர் அதை எழுதியபோது பார்க் பிளேஸின் பழைய கட்டடம் இடிக்கப்பட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன.